வளரும் பிள்ளைக்கு விட்ட இரண்டு அங்குலம்

சீட்டக்கா யாரைச் சந்தித்தாலும் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, இடுப்பை. தப்பாக நினைக்க வேண்டாம், தொழில் அப்படி. இருபத்திரண்டு வருடமாக சீட்டு தைக்கிறாள். பைக், வேன், பஸ், முடிவெட்டும் கடையின் சுழல் நாற்காலி, ஆபீஸ் நாற்காலி என்று மனிதர்கள் எதன் மேலெல்லாம் உட்காருகிறார்களோ அதெல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டுப் போகும். ஆள் நடந்து வருகிற நடையைப் பார்த்தே "பதினாறரை" என்பாள். டேப்பை வைத்துப் பார்த்தால் பதினாறரைதான் இருக்கும். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதோ என்னவோ, தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பாதி அவளுடைய தையல் கடை, பாதி அவள் கணவனுடைய வெல்டிங் பட்டறை. நடுவில் சுவர் கிடையாது. பழைய பஸ் ஒன்றின் கதவைக் கழற்றி நிறுத்தியிருக்கிறார்கள். வெல்டர் அதிகம் பேசமாட்டார். முகமூடியைத் தூக்கி நெற்றிக்கு மேல் வைத்தால் ஏதோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம். சீட்டக்காவுக்கோ மூக்குக்கு மேல் கோபம். "உன் கோபத்தைப் பிடிச்சு வச்சா கரண்டே இல்லாம ரெண்டு ராடு ஒட்டலாம்" என்று அவர் கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் சொல்லத் துணியவில்லை.

அந்தக் கோபம் சும்மா கிடக்காமல் ஒரு நல்ல காரியத்துக்குப் போன கதைதான் இது.

ஒரு நாள் காலையில், அதே தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் நாலு வயது மகள். இன்னொரு கையால் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலி நிறையத் துணி மூட்டை.

"அக்கா, இந்த சீட்டு ஓரத்துல கிழிஞ்சிருச்சு. ஒரு தையல் போட்டுக் குடுங்களேன்."

"யாருக்கு உடம்பு முடியல?"

"பாப்பாவுக்குன்னு மாற்றுத்திறனாளி ஆபீஸ்ல குடுத்தாங்க. அவளுக்கு ஆகல. துணி ஏத்திட்டுப் போக வசதியா இருக்கு."

சீட்டக்கா நாற்காலியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். மறுபடி நாற்காலியைப் பார்த்தாள். டேப்பே தேவைப்படவில்லை. நாற்காலி பதினெட்டு அங்குலம், பிள்ளையின் இடுப்பு எட்டரை.

அந்தப் பிள்ளைக்கு வீட்டில் வைத்த பெயரை விட்டுவிட்டு எல்லோரும் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறக்கும்போது மூச்சு முட்டிப்போனதில் காலிரண்டும் விறைத்துப் போயின. முதுகு துவளும், தானாக நிமிர்ந்து உட்கார முடியாது. வாயில் வார்த்தை மெதுவாகத்தான் வரும். ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? அம்மாவின் இடுப்பில் இருந்தபடியே வண்டி ஓட்டுவாள். இடது காதைப் பிடித்து இழுத்தால் அம்மா இடது பக்கம் போக வேண்டும், வலது காதை இழுத்தால் வலது பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் நிற்க வேண்டும். அந்தத் தாயின் காதுகள் எப்போது பார்த்தாலும் சிவந்தே இருக்கும்.

"மூட்டையை இறக்கு. பிள்ளையை இதுல உக்கார வை, பாப்போம்" என்றாள் சீட்டக்கா.

உட்கார வைத்தார்கள். பிள்ளை அண்டாவுக்குள் போட்ட கரண்டியைப் போல ஒரு பக்கமாகச் சரிந்தாள். கால்கள் நீட்டிக்கொண்டு நின்றன. கை சக்கரத்துக்கு எட்டவில்லை. தலை தொங்கியது. எந்தக் காதையும் இழுக்க முடியாத கோபத்தில் கடுகு கத்தினாள்.

"இதைக் குடுக்கும்போது பக்கத்துல யாருமே இல்லையா? ஒருத்தன் கண்ணுக்கும் தெரியலையா?"

"எல்லாரும் இருந்தாங்கக்கா. போட்டோ எடுத்தாங்க. பின்னால ரெண்டு பேர் நின்னு அவ சாயாம பிடிச்சுக்கிட்டாங்க. 'சார், பெரிசா இருக்கே'ன்னு கேட்டேன். 'வளர்ற பிள்ளைதானேம்மா, வளர வளர சரியாயிடும்'னு ஆபீசர் சொல்லிட்டாரு."

போட்டோவுக்குப் பிடிக்க இரண்டு பேர் இருந்தார்கள். போட்டோ எடுத்த பிறகு அந்த இரண்டு பேர் எங்கே போனார்கள்? சீட்டக்கா கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜையில் வைத்த சத்தத்தில் அந்தப் பக்கம் வெல்டிங் நின்றது.

இஸ்திரிக்காரி மீதியையும் சொன்னாள். தெருமுனையில் உள்ள பாலர் பள்ளியில் மகளைச் சேர்க்கப் போயிருக்கிறாள். தலைமை டீச்சர் கெட்டவர் இல்லை. "சாயாம உக்காரட்டும், சேர்த்துக்கறேன். தூக்கி வச்சுக்க எனக்கு ஆளில்லம்மா. பள்ளி திறந்து ஒரு மாசம் வரைக்கும் இடத்தை வச்சிருப்பேன், அப்புறம் வேற பிள்ளைக்குப் போயிடும்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். எழுத்துப் படிக்கும் வயதில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதா, இல்லை இஸ்திரி வண்டிக்கு அடியில் சாக்கில் படுத்து ஊரார் கால்களைப் பார்த்துக்கொண்டே வளர்வதா என்பது ஒரு நாற்காலியில் வந்து நின்றது.

"தையலும் வேணாம், மண்ணும் வேணாம். இது மூட்டை தூக்கவே இருக்கட்டும்" என்றாள் சீட்டக்கா. "பிள்ளையைக் குடு. அளவு எடுக்கணும்."

அன்றைக்கே வேலை தொடங்கியது. மெல்லிய இரும்புக் குழாயில் சட்டம். பின்னால் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் சக்கரம் இரண்டு, கைக்கு எட்டுகிற உயரத்தில். முன்னால் ஆபீஸ் நாற்காலிக்கடியில் இருக்குமே, அந்தச் சின்ன உருளைச் சக்கரம் இரண்டு. கழித்துப் போட்ட பஸ் சீட்டிலிருந்து கெட்டி ஸ்பாஞ்ச். கார் பெல்ட்டை வெட்டி மார்புக்கு ஒரு பட்டை. எதுவும் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. பணிமனையின் குப்பையில் கிடந்ததுதான் பாதி. பழுதானால் தெருவில் உள்ள சைக்கிள் கடைக்காரரே சரி செய்துவிடலாம். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் போய், இடுப்பும் முட்டியும் கணுக்காலும் நேராக மடங்கி இருக்க வேண்டும் என்று சீட்டக்கா கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். எல்லாம் சரி. வெட்டும்போது மட்டும் அவள் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

அந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்குத் துணி தைத்தாலும் இரண்டு அங்குலம் விட்டுத்தான் தைப்பார்கள். சட்டை முதல் வருடம் முட்டி வரை தொங்கும், இரண்டாம் வருடம் சரியாக இருக்கும், மூன்றாம் வருடம் தம்பிக்குப் போகும். சீட்டக்காவும் எட்டரை இடுப்புக்குப் பத்தரையில் சீட்டு வெட்டினாள். "வளர்ற பிள்ளை. ரெண்டு வருஷமாவது வரணும்ல" என்று அவள் சொன்னபோது இஸ்திரிக்காரி சந்தோஷமாகத் தலையாட்டினாள். அவளும் அந்தத் தெருக்காரிதானே.

பதினோராம் நாள் மத்தியானம் இஸ்திரிக்காரி அவர்கள் செய்து கொடுத்த சக்கர வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், தள்ளிக்கொண்டு அல்ல. கடை வாசலில் வைத்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையின் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். தாடைக்குக் கீழே விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு.

"சட்டையைத் திருப்பிப் போடத் திரும்பினேன்கா. ஒரே ஒரு சட்டை. மறுபடி பாத்தா வழுக்கிக் கீழ போயிருக்கா. பட்டை மார்ல இருந்து ஏறிக் கழுத்துல நிக்குது. கத்தவும் முடியல அவளால."

சீட்டக்கா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல ஒன்பதரை அங்குலம் கூட விட்டாங்க. நீங்க ரெண்டு அங்குலம் கூட விட்டீங்க. அவ்வளவுதான்கா வித்தியாசம்" என்றாள் இஸ்திரிக்காரி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருக்கலாம்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருடத் தொழில்! வளர்ந்த ஆளுக்கு அரை அங்குலம் தப்பினால் முதுகு வலிக்கும் என்று தெரிந்தவளுக்கு, முதுகே நிற்காத பிள்ளைக்கு இரண்டு அங்குலம் எவ்வளவு பெரிய பள்ளம் என்று தெரியாமல் போனதே. இதற்கு ஆபீசரை எப்படித் திட்டுவது? கோபம் முதல் தடவையாக அவள் பக்கமே திரும்பி நின்றது. அதுவும் நல்லதுக்குத்தான்.

சாயங்காலம் வெல்டர் முகமூடியைத் தூக்கினார். "பாவாடைக்கு உள்மடிப்பு வச்சுத் தைப்பியே. பிரிச்சு விட்டா நீளும்ல?" என்றார். முகமூடி இறங்கியது.

சீட்டக்கா அப்படியே நிமிர்ந்தாள்.

இந்தத் தடவை உட்காரும் இடம் எட்டரை இடுப்புக்கு எட்டரைதான். இரண்டு பக்கமும் இடுப்பை அணைக்கிற மெத்தைகள். மெத்தைகளைப் பிடிக்கும் போல்ட்டுக்குச் சட்டத்தில் கால் அங்குலத்துக்கு ஒன்றாக வரிசையாகத் துளைகள். பிள்ளை வளர்ந்தால் மெத்தையை ஒரு துளை தள்ளிப் போட வேண்டும். சாய்மானத் துணியிலும் உள்மடிப்பு வைத்து, பிரிக்கச் சுலபமான தையல் போட்டாள். கால்பலகைக்கும் அதே மாதிரி ஏற்ற இறக்கம். பிள்ளை வழுக்காமல் இருக்கச் சீட்டின் முன்பக்கம் கால்களுக்கு நடுவே சின்னதாக ஒரு மேடு. மார்புப் பட்டையைக் கழற்றி எறிந்தாள். அதற்குப் பதில் இடுப்பு மடியும் இடத்தைச் சாய்வாக இழுத்துப் பிடிக்கிற பட்டை. அவள் விட நினைத்த இரண்டு அங்குலமும் வண்டிக்குள்ளேயே இருந்தன. பிள்ளைக்கு எப்போது தேவையோ அப்போது வெளியே வரும்.

கடுகை உட்கார வைத்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தாள். பிறகு சக்கரத்தைப் பிடித்து ஒரு தள்ளு. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. யாரும் தூக்காமல், யார் காதையும் இழுக்காமல் அவளாகவே நகர்ந்த முதல் ஒரு முழம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடுகு அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அடுத்த முழத்துக்குப் போய்விட்டாள்.

ஐந்து நாள் இடுப்பையும் கழுத்தையும் பார்த்துப் பார்த்து, சிவப்பு எங்கேயும் வரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் பள்ளிக்குப் போனார்கள். இடம் போக இன்னும் பத்து நாள் இருந்தது. தலைமை டீச்சர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு. ஆனா வெளியில செஞ்ச வண்டியை உள்ள விடணும்னா ஆபீஸ்ல ஒரு கடிதம் வேணும். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தலைதான் உருளும்" என்றார்.

அந்த ஆபீசும் சீட்டக்காவுக்குப் புதிதல்ல. போன வருடம் அதே ஆபீசரின் நாற்காலிக்குச் சீட்டு தைத்துக் கொடுத்தவளே அவள்தான். மூன்று தடவை திருப்பி அனுப்பினார். "இடுப்புல அரை அங்குலம் இடிக்குது", "முதுகுல ஒரு மேடு வேணும்", "கால் சரியா தரையில பட மாட்டேங்குது." அவருடைய இடுப்பு பதினேழு, தொடை நீளம் பத்தொன்பது, முட்டியிலிருந்து தரை பதினேழரை. எல்லாம் அவள் நோட்டில் இருந்தது.

ஆபீஸ் வராந்தாவில் பிளாஸ்டிக் உறையோடு சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் பதினெட்டு அங்குலம்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு வண்டி. பதிவேட்டுல கையெழுத்து இருக்கு" என்றார் ஆபீசர், அவள் தைத்த மெத்தையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "அடுத்தது அஞ்சு வருஷம் கழிச்சுத்தான். வெளியில செஞ்சதுக்கெல்லாம் நாங்க கடிதம் குடுக்கறதில்ல."

"ஏன் சார் எல்லாம் ஒரே சைஸ்ல வாங்கறீங்க?"

"மொத்தமா வாங்கினா ஒரே சைஸ்தாம்மா வரும்."

"செருப்பையும் அப்படித்தான் வாங்குவீங்களா சார், வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து?"

"இந்தாம்மா, விதண்டாவாதம் பண்ணாத. வளர்ற பிள்ளை. வளர வளர சரியாயிடும். போ."

வளரும்! முதுகு வளைந்த பிறகு, நெஞ்சுக்கூடு ஒடுங்கிய பிறகு, பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, அந்தப் பதினெட்டு அங்குலத்துக்குப் பிள்ளை கச்சிதமாக வளர்ந்து நிற்கும். அதுவரை பிள்ளை நாற்காலிக்காகக் காத்திருக்க வேண்டுமாம். நாற்காலி பிள்ளைக்காக ஒரு அங்குலம் குறையாதாம்.

கொட்டகைக்குத் திரும்பியதும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். எட்டரைக்குப் பதினெட்டு என்றால் பதினேழுக்கு எவ்வளவு?

"மூணு அடி அகலம். சீட்டு தரையிலருந்து மூணு அடிக்கு மேல" என்றாள் கணவனிடம்.

முகமூடி மேலே ஏறியது. "யானைக்கா?"

"ஆபீசருக்கு."

வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு குழாயை எடுத்தார். மின்கம்பி சுற்றி வருமே பெரிய மர உருளை, அதன் பக்கப் பலகைகள் இரண்டு சக்கரமாயின. அளவில் ஒரு நூல் பிசகவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆபீசர் கொடுத்த நாற்காலி எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு.

வாரத்தில் ஒரு நாள் ஆபீசில் மனு வாங்குவார்கள். அன்றைக்கு வராந்தா நிறையக் கூட்டம். லோடு வேனிலிருந்து அந்த நாற்காலி இறங்கியபோது மனுவை மறந்துவிட்டு எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு ஆபீசரும் வெளியே வந்தார்.

"என்னம்மா இது?"

"உங்களுக்குத்தான் சார். அஞ்சு நிமிஷம் இதுல உக்காந்து ஒரு கையெழுத்துப் போடுங்க. போட முடிஞ்சா நான் பேசாம போயிடறேன், இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்தால் ஒரு நாற்காலிக்குப் பயந்தவர் என்று பெயர் வரும். பெரிய மனசு பண்ணுகிற மாதிரி சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலில் கால் வைத்து ஏறி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாய்மானத்தில் முதுகு படட்டும் என்று பின்னால் நகர்ந்தார். கால்கள் இரண்டும் பொம்மைக் கால்கள் போல நேராக நீட்டிக்கொண்டன. கால் மடங்கட்டும் என்று முன்னால் நகர்ந்தார். முதுகு கூன் போட்டது, பாதம் அந்தரத்தில் தொங்கியது. கையை விரித்தால் ஒரு சக்கரம்தான் எட்டியது. அதை எட்டிப் பிடிக்கப் போய் அந்தப் பக்கமே சரிந்தார். ஒருவர் மேஜையைத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். மேஜை அவர் முட்டிக்குக் கீழே இருந்தது.

யாரோ சிரித்தார்கள். சீட்டக்கா சிரிக்கவில்லை.

"கை எட்டலம்மா" என்றார் ஆபீசர்.

"அவளுக்கும் எட்டல சார்."

மூன்றாவது நிமிடம் முதுகு பிடித்துக்கொண்டது. முகம் வேர்த்தது. "இறக்கி விடுங்கப்பா யாராவது" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தோளிலும் இடுப்பிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள். யாரும் உடனே வரவில்லை.

"இறங்கறதுக்கு அவளுக்கும் ஆள் வேணும் சார். தினமும் வேணும். நீங்க மூணு நிமிஷம் உக்காந்தீங்க. அவளை அஞ்சு வருஷம் உக்காரச் சொல்றீங்க."

கடைசியில் வெல்டர்தான் போய்க் கை கொடுத்து இறக்கினார். ஆபீசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். கடுகின் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஆஸ்பத்திரிப் பயிற்சி அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா துளைகளை எண்ணிப் பார்த்து, பட்டையை இழுத்துப் பார்த்து, "இது சரி" என்றார். கடிதம் வந்தது. "சிறப்பு நேர்வாகக் கருதி, இந்த ஒரு குழந்தைக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. ஒரு குழந்தைக்கு மட்டுமாம்! மற்ற முப்பது பிள்ளைகளின் முதுகு என்ன இரும்பிலா செய்திருக்கிறது? சீட்டக்காவுக்கு மறுபடி கோபம் ஏறியது. ஆனால் கடிதத்தைக் கிழித்தெறிய முடியாது, கடுகின் இடம் அதில் இருக்கிறது. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்த வண்டியை எடுத்துட்டுப் போயிடும்மா" என்றார் ஆபீசர் தலை நிமிராமல்.

"இருக்கட்டும் சார். வளர வளர சரியாயிடும்."

வராந்தாவுக்கு வந்தால், தோளில் மகளைப் போட்டுக்கொண்டு நின்ற ஒரு அப்பா, "இவளுக்கும் அளவு எடுப்பீங்களா?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். சீட்டக்கா அந்தப் பதினெட்டு அங்குல நாற்காலிகளில் ஒன்றின் மேல் நோட்டைப் பிரித்து வைத்து, டேப்பை எடுத்தாள். அவை வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் ஒன்று உருப்படியாகப் பயன்பட்டது.

மறுநாள் கடுகு பள்ளிக்குப் போனாள். ஒரு வாரம் கழித்து இஸ்திரிக்காரி ஒரு துண்டுச் சீட்டோடு கடைக்கு ஓடிவந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"டீச்சர் குடுத்தாங்கக்கா. என்ன போட்டிருக்கு? போகச் சொல்லிட்டாங்களா?"

சீட்டக்கா வாங்கிப் பார்த்தாள். ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். பிறகு பட்டறைப் பக்கமும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தாள்.

"உங்கள் மகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. பாடம் நடக்கும்போதே வகுப்பை விட்டு வெளியே போய்விடுகிறாள். கண்டித்து வைக்கவும்."

இஸ்திரிக்காரி சிவப்பு இறங்கிப்போன தன் காதைத் தடவிக்கொண்டே, "இன்னொரு தடவை படிங்கக்கா" என்றாள்.